ராக் மேடையில் ஓர் அறிவிப்பு

சென்ற திங்கட்கிழமை நடந்தவை:

1. புனே பக்கத்தில், ரஞ்சன்காவில் எங்கள் தொழிற்சாலையில் தீ விபத்து ஒத்திகை நடந்தது. சைரன் சரியாக ஒலித்தது.
2. ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்யவேண்டிய பாதுகாப்பு அதிகாரிக்குக் காய்ச்சல். அந்த வேலை, தர ஆய்வுப் பிரிவில் இருக்கும் என் தலையில் விழுந்தது.
3. மைக்கை வாங்கினேன். அதன் தலையில் கறுப்புப் பஞ்சு உறை போட்டிருந்தது.
4. பஞ்சிலிருந்து ஒரு வாசனை வந்தது.
5. என் வாயிலிருந்து ஒரு சொல்கூட வரவில்லை. வெளியே வெயிலில் இருநூறு பேர் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.
6. மைக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகிறவள்போல வெளியே வந்துவிட்டேன்.
7. அறிக்கையில் ‘ஒலிபெருக்கிக் கோளாறு’ என்று எழுதினார்கள். ஒலிபெருக்கியில் ஒரு கோளாறும் இல்லை.

எனக்கு எதையும் எண் போட்டு எழுதித்தான் பழக்கம். மளிகைச் சாமான் முதல் மனவருத்தம் வரை எல்லாவற்றுக்கும் எண் உண்டு. ஆனால் அந்த நான்காவது எண்ணுக்குப் பிறகு வரிசை எனக்கு உதவவில்லை. பல பேருடைய மூச்சு பட்டு, காய்ந்து, மறுபடி மூச்சு பட்ட பஞ்சின் வாசனை அது. கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் இருமல் மிட்டாய். எங்கள் அப்பாவின் சட்டைப் பையில் அந்த மிட்டாய் எப்போதும் இருக்கும், மைக்கின் முன்னால் நிற்கும் நாட்களில்.

அப்பா பாடகர் இல்லை, பிரசங்கியாரும் இல்லை. ரயில்வேயில், கோர்படி லோகோ ஷெட்டில் எஞ்சின் பழுதுபார்க்கும் ஃபிட்டர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புனேவுக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் ‘சொல்லுதேன்’, ‘வாரேன்’ எல்லாம் அப்படியே இருந்தன. இந்த ஊர்த் தமிழ்க் கிறிஸ்தவச் சபைகள் சேர்ந்து ஆண்டுதோறும் கண்டோன்மெண்ட் பக்கத்து மைதானத்தில் மூன்று நாள் கன்வென்ஷன் நடத்தும். கட்கி, போபோடி, தேஹு ரோடு என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். அங்கே பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவில் அறிவிப்புச் செய்வது அப்பாவின் வேலை. காணாமல் போன குழந்தை, கிடைத்த ஒற்றைச் செருப்பு, வழியை அடைத்து நிற்கும் ஸ்கூட்டர், மூக்குக் கண்ணாடியைத் தொலைத்த பெரியவர். எல்லாவற்றையும் தமிழ், இந்தி, ஆங்கிலம் என்று மூன்று மொழியில் சொல்வார். சபையார் அவரை ‘அறிவிப்பு அண்ணாச்சி’ என்று கூப்பிட்டார்கள். அவருக்கு அதில் இருந்த பெருமையை மறைக்கத் தெரியாது.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் மைக்கில் ‘ஃபூ, ஃபூ’ என்று இரண்டு தரம் ஊதுவார். பிறகு இரண்டு விரலால் தட்டுவார். பிறகு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். அதற்குப் பிறகுதான் செய்தி. யார் பெயராக இருந்தாலும் இரண்டு தடவை சொல்வார். “மொத தடவ சொல்லும்போது அடுத்தவன் பேருன்னு நினைப்பான். ரெண்டாவது தடவதான் திரும்பிப் பாப்பான்” என்று சாப்பிடும்போது அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பார். குழந்தைகள் இரண்டாவது தடவைக்குக் காத்திருப்பதில்லை, முதல் தடவையிலேயே அழத் தொடங்கிவிடுவார்கள். நானும் ஒருமுறை அந்த மைதானத்தில் தொலைந்துபோய், அப்பாவின் குரலில் என் பெயரைக் கேட்டு, ஒலிபெருக்கிக் கம்பத்தின் அடியில் போய் நின்று அதற்குள் அப்பாவைத் தேடியிருக்கிறேன். அது வேறு கதை.

நான் சொல்ல வந்தது ராக் இசை பற்றி. நம்புங்கள், அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். நாங்கள் நான்கு பேர் பயிற்சிப் பொறியாளர்கள்; கம்பெனிப் பேருந்தின் கடைசி இருக்கை எங்களுடையது. ஓம்கார் உரத்த குரல்காரன், எங்கே போகலாம் என்று தினமும் ஒரு திட்டம் வைத்திருப்பான். அஸ்லம் அதிகம் பேசமாட்டான். காதில் எப்போதும் ஏதாவது ஒரு டிரம்ஸ் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்நேகல் என் தோழி, பேருந்தில் என் தோளில் தூங்குகிறவள். அவளுக்குச் சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. அதைப் பற்றிப் பேசினால் பிடிக்காது. எங்களுக்குள் பேச்சு இந்தி, மராத்தி, ஆங்கிலம் மூன்றும் கலந்த கலவை. இங்கே தமிழில் எழுதும்போது அவர்கள் கொஞ்சம் மரியாதைப்பட்டவர்களாகத் தெரிந்தால் அது என் தவறு.

பவனா அணைக்கரையில் இரண்டு நாள் ராக் குழுக்கள் வாசிக்கப்போவதாக அஸ்லம்தான் கண்டுபிடித்தான். ஓம்கார் தன் மாமாவின் வேனைக் கேட்டு வாங்கினான். மாமா பால் பாக்கெட் விநியோகம் செய்கிறவர். கதவைத் திறந்தால் புளித்த பால் வாசனை முகத்தில் அடிக்கும். இன்றைக்கும் மோர் கொஞ்சம் கூடுதலாகப் புளித்திருந்தால் எனக்கு எலெக்ட்ரிக் கிட்டார் கேட்கும்.

“அறுபது கிலோமீட்டருக்கு ரோட் ட்ரிப்னு பேரா?” என்று கேட்டேன்.

“வண்டில ஏசி இல்ல, ஸ்டெப்னி இல்ல, ஒரு ஹெட்லைட் இல்ல. இது ரோட் ட்ரிப் இல்லன்னா எது ரோட் ட்ரிப்?” என்றான் ஓம்கார்.

நான் சாமான்களுக்கு அட்டவணை போட்டேன். கூடாரம், போர்வை, டார்ச், குளுக்கோஸ். தொழிற்சாலையில் இரைச்சல் பகுதிக்குப் போகும்போது காதில் வைத்துக்கொள்ளும் ஆரஞ்சு நிற நுரையடைப்பான் ஒரு பெட்டி நிறைய. ராக் கச்சேரிக்குக் காதடைப்பான் எடுத்துப் போகும் ஆளைப் பார்த்திருக்கிறீர்களா? ஓம்கார் பார்த்ததில்லை. “ஆடிட் மேடம், தலைக்கு ஹெல்மெட்டும் கொண்டு வர்றீங்களா?” என்றான். அன்றிலிருந்து நான் ஆடிட் மேடம்.

சனிக்கிழமை காலை எல்லாரும் கோர்படி ரயில்வே குடியிருப்புக்கு வந்து என்னை ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை எப்படி மாற்றலாம் என்று வாரம் முழுவதும் வழி தேடினேன். காரணம், எங்கள் வீட்டில் ஜெபம் பண்ணாமல் யாரும் ஊருக்குப் போக முடியாது. பக்கத்துத் தெருவுக்குப் புது சைக்கிள் போனாலும் அதன் ஹேண்டில்பாரில் கை வைத்து அம்மா ஜெபிப்பார். என்னை மட்டும் உள்ளே வைத்து ஜெபித்து அனுப்பிவிடுங்கள் என்று முதல் நாளே மன்றாடியிருந்தேன். அம்மா தலையாட்டினார். அம்மா தலையாட்டுவது சம்மதம் என்று அந்த வயதிலும் நம்பிக்கொண்டிருந்தேன்.

வேன் வந்து நின்றதும் அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி கேட்டுக்கு வந்துவிட்டார். பின்னால் அப்பா. ஓம்கார் இறங்கினான். கறுப்புச் சட்டையில் பல்லை இளித்துக்கொண்டு ஒரு மண்டையோடு.

“இது என்னட்டி, நெஞ்சுல எலும்புக்கூடு?” என்று அம்மா என் காதில் கேட்டார், தெருவுக்கே கேட்கிறமாதிரி.

ஓம்காருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அம்மாக்களின் தொனி தெரியும். முதுகுப் பையைக் கழற்றி மார்பின் பக்கம் மாட்டிக்கொண்டான்.

“கையில உள்ளத எல்லாம் கீழ வச்சிட்டு வந்து நில்லுங்க” என்றார் அம்மா. ஜெபத்தின்போது கையில் எதுவும் இருக்கக் கூடாது என்பது அவர் சட்டம். செல்போன் வந்தபிறகு பிறந்த சட்டம். நான் மொழிபெயர்த்தேன். எல்லாரும் கையில் இருந்ததை அங்கங்கே வைத்தார்கள். ஓம்கார் கைகூப்பினான். அஸ்லம் இரு உள்ளங்கையையும் விரித்து ஏந்தினான். ஸ்நேகல் கையிலிருந்த நீல ஜிப் பையைச் சுவரில் இருந்த மின்சார மீட்டர் பெட்டியின் மேல் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா வேனின் முன்பக்கத்தில் கையை வைத்தார், குதிரையைத் தட்டிக்கொடுப்பதுபோல.

அம்மா தொடங்கினார்: “ஆண்டவரே, இந்த வண்டியோட நாலு சக்கரத்தையும் பிரேக்கையும் ஓட்டுத தம்பியோட கண்ணையும் ஒம்ம கையில ஒப்புக்குடுக்கேன். பாட்டுக் கேக்கப் போற பிள்ளைங்க, ராஜா. காதையும் காத்துக்கிடும்.” பாதியில் அம்மாவுக்கு இவர்களுக்குப் புரியாதே என்று தோன்றியிருக்கவேண்டும். கண்ணைத் திறக்காமலே இந்திக்கு மாறினார். “ப்ரபு, யே பச்சா லோக் கோ சம்பால்கே லே ஜாவ், சம்பால்கே வாபஸ் லாவ்.” பத்திரமாகக் கொண்டுபோ, பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவா. கூரியர்காரரிடம் சொல்வதுபோல இருந்தது.

எதிர் வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே எங்களை வேடிக்கை பார்த்தார். நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். ஒரு கரப்பான்பூச்சி நகர்ந்துகொண்டிருந்தது. அதனுடன் சாக்கடைக்குள் போய்விடலாம்போல இருந்தது. ஆமென் சொன்ன நொடியில், எல்லாரையும் பின்னாலிருந்து தள்ளாத குறையாக வேனில் ஏற்றினேன். சீக்கிரம், சீக்கிரம். அந்த அவசரத்தில்தான் நீலப் பை மீட்டர் பெட்டியின் மேலேயே தங்கிவிட்டது. என் அட்டவணையில் ‘ஸ்நேகல் மருந்து’ என்ற வரிக்கு நேரே ஏற்கெனவே டிக் விழுந்திருந்தது. அவள் வேனிலிருந்து இறங்கும்போதே கையில் பார்த்து டிக் போட்டுவிட்டிருந்தேன்.

போகும் வழி நன்றாக இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. பழைய மும்பை சாலையில் வடாபாவ், மிளகாய் கடித்து அழுத அஸ்லம், தளேகாவ் தாண்டியதும் குளிர்ந்த காற்று. யாரும் ஜெபத்தைப் பற்றிக் கேலி செய்யவில்லை. அவர்கள் கேலி செய்யாமல் இருந்தது எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது. நானே எடுத்துக் கேலி செய்தேன். அம்மாவின் இந்தியை நடித்துக் காட்டினேன். ஓம்கார் மட்டும், “அட, எங்க வீட்ல நான் வண்டி எடுத்தா சாவியத்தான் பத்திரமா வைனு சொல்வாங்க” என்றான்.

அணைக்கரையில், அறுவடை முடிந்த நெல்வயல்களில் மேடை போட்டிருந்தார்கள். கூட்டம் ஆயிரக்கணக்கில் இருந்தது. செல்போன்களில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. முதல் குழு வாசிக்கத் தொடங்கியதும் எனக்கு ஒன்று நடந்தது. பேஸ் கிட்டாரின் ஒலி காதுக்கு வரவில்லை. நேரே நெஞ்செலும்புக்கு வந்தது. காதடைப்பானைக் கழற்றிப் பையில் போட்டேன். நான், ஆடிட் மேடம், கையைத் தூக்கிக்கொண்டு குதித்தேன். இரண்டாவது குழு வந்தபோது வயல் முழுவதும் குதித்தது. வைக்கோல் தூசி பொன் நிறமாக எழும்பி மேடையை மறைத்தது. அவ்வளவு அழகான தூசியை நான் பார்த்ததில்லை.

ஸ்நேகல் என் முழங்கையைப் பிடித்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. மூச்சு உள்ளே போகும்போது ஒரு விசில், வெளியே வரும்போது ஒரு விசில்.

கூட்டத்திலிருந்து வெளியே கூட்டிவந்து அவள் பையைக் கொட்டினோம், வேனைக் குடைந்தோம். அப்போதுதான் அவளுக்கு மீட்டர் பெட்டி நினைவு வந்தது. முதலுதவிக் கூடாரத்தில் கட்டுத்துணியும் குளுக்கோஸும் இருந்தன, இன்ஹேலர் இல்லை. எங்கள் வேனைச் சுற்றி மூன்று வரிசை வண்டிகள். அவற்றின் சொந்தக்காரர்களைத் தேடி ஓம்கார் ஓடினான். யாரிடமாவது இன்ஹேலர் இருக்குமா என்று கேட்டுக்கொண்டு அஸ்லம் கூட்டத்துக்குள் போனான். நான் கூடாரத்தின் பின்னால் ஸ்நேகலை நிமிர்த்தி உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். அவள் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு, பிறகு சொல்லே இல்லை. அம்மா ஜெபித்த நான்கு சக்கரமும் பிரேக்கும் பத்திரமாக இருந்தன. நாங்கள்தான் மாட்டிக்கொண்டோம்.

இரண்டாவது குழு முடித்தது. அடுத்த குழு சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்த இடைவெளி. அந்த அமைதியில், மலைமேல் மோதித் திரும்புகிற அளவுக்கு ஒரு சத்தம்.

‘ஃபூ. ஃபூ.’

பிறகு இரண்டு தட்டல்.

நெஞ்செலும்பில் இறங்கிய பேஸ் கிட்டாரெல்லாம் ஒன்றுமில்லை. அந்த இரண்டு ஊதல் அதற்கும் கீழே இறங்கியது.

“அட்டென்ஷன் ப்ளீஸ். ப்ரைஸ் த லார்ட்.”

வயல் முழுவதும் மேடைப் பக்கம் திரும்பியது. பிறகு, அப்படி ஒரு ஆரவாரம் அன்று எந்தக் குழுவுக்கும் கிடைக்கவில்லை. ஆயிரக்கணக்கான கைகள் மேலே போயின, ராக் ரசிகர்கள் காட்டுகிறபடி சுட்டுவிரலும் சுண்டுவிரலும் கொம்பாக நீட்டிய கைகள். அப்பா நிறுத்தி, ஆரவாரம் அடங்கக் காத்திருந்து, தொடர்ந்தார். அவருக்குக் கூட்டம் புதிதல்ல. என் ஞானஸ்நானப் பெயர், தகப்பன் பெயர், ரயில்வே குடியிருப்பு என்று முழு விவரம். ஜெபநேரத்தில் எங்கள் இல்லத்தில் மறதியாக வைக்கப்பட்ட நீல நிற மருந்துப் பை தம்மிடம் இருக்கிறது என்ற தகவல். ‘ஜெபநேரத்தில்’ என்ற இடத்தில் மறுபடி ஆரவாரம். அப்புறம் இதெல்லாம் இந்தியில். கடைசியாகத் தமிழில்:

“பாப்பா, அப்பா மேடைக்கு எடது பக்கம் நிக்கேன். பயப்படாம வா.”

வீட்டில் என்னைக் கூப்பிடுகிற அந்த ஒரு சொல்லைக் கூட்டம் பிடித்துக்கொண்டது. “பாப்பா! பாப்பா!” டிரம்ஸ்காரன் அந்தத் தாளத்துக்கு அடிக்க ஆரம்பித்தான்.

நான் எழுந்திருக்கவில்லை. கூடாரத் துணியோடு துணியாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முகம், காது, கழுத்து எல்லாம் எரிந்தன. மருந்து வந்துவிட்டது என்ற எண்ணம் வருவதற்கு முன்னால் வெட்கம் வந்து உட்கார்ந்துவிட்டது. ஸ்நேகல் மூச்சுக்குத் தவித்துக்கொண்டே என்னைக் காலால் உதைத்தாள். “உன்... அப்பா...” என்றாள். அவள் சிரிக்க முயன்றாள் என்று நினைக்கிறேன். அப்போது மேடையிலிருந்து அப்பாவின் குரலில் ‘பாப்பா’ இரண்டாவது தடவை வந்தது. ஓடினேன்.

கூட்டம் பிளந்து வழி விட்டது. யாரோ, “இவதான் பாப்பா!” என்றார்கள். கைதட்டல், விசில், என் ஓட்டத்துக்கு ஏற்றபடி டிரம்ஸ். மேடையின் இடது ஓரத்தில் அப்பா நின்றார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை, பையில் பேனா, கறுத்த ஷூ. ஒரு கையில் மைக், மறு கையில் நீலப் பையும் எவர்சில்வர் டிபன் கேரியரும்.

“அப்பா, போதும். மைக்க குடுத்துருங்க.”

“இரு பாப்பா, ஒத்தாச பண்ணினவங்களுக்கு நன்றி சொல்லாண்டாமா?” என்று கேட்டுவிட்டு, “தேங்க்யூ. காட் ப்ளெஸ் யூ ஆல்” என்று சொல்லி, பையையும் கேரியரையும் என்னிடம் தந்துவிட்டு, மைக்கை ஒலி அமைப்பாளரிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். மீண்டும் கொம்புக் கைகள். அப்பா பதிலுக்குக் கை உயர்த்தினார்.

மத்தியானம் பையைப் பார்த்திருக்கிறார். ஃபோன் கிடைக்கவில்லை. ரயில்வே பாஸில் லோனாவளா லோக்கலைப் பிடித்து, காம்ஷேத்தில் இறங்கி, ஷேர் ஜீப்பில் தொங்கிக்கொண்டு வந்திருக்கிறார். இவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒரு ஆளைத் தேட ஒரே வழிதான் அவருக்குத் தெரியும். வேறு எந்த அப்பாவாவது வாசலில் காவலாளியிடம் கேட்டிருப்பார்; இவர் ஒலி அமைப்பாளரிடம் மைக்கைக் கேட்டிருக்கிறார்.

மருந்து உள்ளே போய் ஸ்நேகலின் உதட்டில் நிறம் திரும்பும்வரை அப்பா அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். இந்தியில் முழு வாக்கியம் ஒன்று சொல்லச் சொல்லி அவளைக் கேட்டார். “அங்கிள், நீங்க ரொம்ப நல்லா பேசினீங்க” என்றாள். அதுதான் அவள் சொன்ன முழு வாக்கியம். ஓம்காரும் அஸ்லமும் வேர்த்து விறுவிறுக்க வந்து சேர்ந்தார்கள். டிபன் கேரியரில் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கும் இருந்தன. அப்பா என் காதடைப்பான் இரண்டை வாங்கிச் செருகிக்கொண்டு அடுத்த குழுவில் இரண்டு பாட்டு கேட்டார். “அந்தப் பேஸ் வாசிக்கிற தம்பி கணக்கா வாசிக்கான்” என்றார். பிறகு லோக்கலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார்.

ஜீப் நிற்கும் இடம்வரை அவரோடு நடந்தேன். வழியெல்லாம் பிள்ளைகள், “அங்கிள், ப்ரைஸ் த லார்ட்!” என்று கூவிக் கொம்பு காட்டினார்கள். அப்பா ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொன்னார். நான் அவரோடு சேர்ந்து நடக்கவில்லை, சற்று முன்னால் நடந்தேன்.

“என்ன மரியாத தெரிஞ்ச பிள்ளைங்க, பாப்பா” என்றார் ஜீப்பில் ஏறும்போது. “நான் தப்பா நினைச்சிட்டிருந்தேன்.”

எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் உண்டு. தன் வாழ்க்கையில் நடந்த நன்மையை எழுந்து நின்று எல்லார் முன்னாலும் சொல்லலாம். அடுத்த வாரம் அப்பா எழுந்தார். ஒரு பிள்ளையின் மூச்சு திரும்பியதைச் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். “ஆயிரக்கணக்கான வாலிபப் பிள்ளைங்க மத்தியில ஸ்தோத்திரம் சொன்னேன். அத்தன பேரும் கைய ஒசத்துனாங்க” என்றார். குரல் உடைந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் பாட்டுப் புத்தகத்தின் அட்டையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கைகள் எப்படி உயர்ந்தன என்று அந்த ஆலயத்தில் எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்தேன்.

எனக்கு மட்டும் இல்லை. கூட்டத்தில் யாரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. ஓம்கார்கூடக் கம்பெனிப் பேருந்து வாட்ஸ்அப் குழுவில் ‘நம்ம ஹீரோ அங்கிள்’ என்று போட்டிருந்தான். அவனைப் பொறுத்தவரை அது பாராட்டு. சபையின் வாலிபர் குழுவுக்கும் அது வந்து சேர்ந்தது. ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது ஜோயல் என்ற பையன், கெட்டவன் இல்லை, ஆசையாக, “அண்ணாச்சி, நீங்க ஃபேமஸ் ஆயிட்டீங்க” என்று ஃபோனை அவர் கையில் கொடுத்தான்.

படம் எடுத்தவனுக்குப் பக்கத்திலேயே நாலைந்து பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் சத்தம் அதில் பதிவாகியிருந்தது. அப்பாவின் ஊதல், அப்பாவின் உச்சரிப்பு, எல்லாவற்றையும் ஒருவன் கூடவே சொல்லிப் பழித்துக் காட்டிக்கொண்டிருந்தான். மேடையில் நின்றவருக்கு அது கேட்டிருக்க வழியில்லை. அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுவதும் பார்த்தார். மறுபடி ஒருமுறை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“சிரிக்காங்களோ?”

“கூட்டம்னா அப்பிடித்தான் சத்தம் போடும்ப்பா.”

“ம்” என்றார். ஃபோனை ஜோயலிடம் இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார், மைக்கைக் கொடுத்ததுபோலவே. டீ டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

அடுத்த மாதம் கன்வென்ஷன். தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டார். மூன்று நாளும் வண்டி நிறுத்துமிடத்தில் நின்றார். மேடையிலிருந்து வேறு யாரோ ஒருமுறை மட்டும் பெயர் சொல்லிக் குழந்தையைத் தேடினார்கள். அந்தப் பிள்ளை வர வெகுநேரமானது. அப்பா கையில் டார்ச்சோடு ஒலிபெருக்கிக் கம்பத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

அந்தச் சிரிப்பைப் பற்றி ஸ்நேகலோடு பலமுறை பேசியிருக்கிறேன். எல்லாச் சிரிப்பும் ஒன்றல்ல என்பாள். வழி விட்டதும் அதே கூட்டம்தானே என்பாள். சரிதான். அந்த வீடியோவை இப்போது நான் பார்த்தால் எனக்கும் அது தெரிகிறது. ஆனால் அப்பாவுக்கு அதை எந்த மொழியில் சொல்வது? ஏழெட்டு வருஷமாக முயன்று தோற்றிருக்கிறேன் என்று சொல்லக்கூட முடியாது. முயன்றதில்லை. அவர் முன்னால் அந்தப் பேச்சை எடுக்க நினைத்தாலே என் கழுத்து சூடாகிவிடும்.

அந்த மைதானம் இப்போது இல்லை. அதில் அடுக்குமாடிக் கட்டடம் நிற்கிறது. கன்வென்ஷன் குளிரூட்டிய அரங்கத்தில் நடக்கிறது. வழியை அடைத்த வண்டியின் எண் திரையில் ஓடுகிறது. குழந்தைகள் தொலைவதில்லை, கையில் கட்டியிருக்கும் கடிகாரம் அவர்கள் இருக்கும் இடத்தை அம்மாவின் ஃபோனுக்குச் சொல்லிவிடுகிறது. பவனா அணைக்கரையில் செல்போன் கோபுரம் வந்துவிட்டது. ஓம்காரின் மாமா வேனை விற்றுவிட்டார். ஓம்கார் நாசிக்கில், அஸ்லம் துபாயில். ஸ்நேகலுக்குச் சென்னையில் வேலை. அவள் தமிழ் கற்றுக்கொண்டு, “அங்கிள், எப்டி கீறீங்க?” என்று அப்பாவிடம் ஃபோனில் பேசுகிறாள். அவர் இவ்வளவுதான் கேட்பார்: “மூச்சு நல்லா இருக்காம்மா?”

இப்போதைய நிலவரம் இது. ஒத்திகையைத் திரும்ப நடத்தச் சொல்லிவிட்டார்கள்; வரும் வெள்ளிக்கிழமை. பாதுகாப்பு அதிகாரிக்கு இன்னும் காய்ச்சல் விடவில்லை, மைக் என்னிடம்தான். திங்கட்கிழமை நடந்ததை வீட்டில் சொல்லவில்லை. அப்பா ஓய்வுபெற்றுவிட்டார், நல்ல ஆரோக்கியமாக இருக்கிறார், தொண்டையில் ஒன்றுமில்லை. இந்த ஆண்டும் அரங்கத்தின் கீழ்த்தளத்தில் வண்டிகளை நிறுத்திக் கொடுத்தார். கையை உயர்த்தி நில் என்கிறார், கையை அசைத்து வா என்கிறார். வாயைத் திறப்பதில்லை.